சால்டரிங் தெரிந்த பாட்டி, தெரியாத பேரன்

என் அக்கா மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் பள்ளி. போன தவணையில் டி அண்ட் டி பாடத்துக்காக ஒரு மேசை விளக்கு செய்துகொண்டு வந்தான். அக்ரிலிக் தகட்டை வெட்டி, சூடாக்கி வளைத்து, ஓரத்தை மெருகேற்றி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விளக்கு எரியவில்லை.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு எல்இடி, ஒரு சின்ன சுவிட்ச், ஒரு பேட்டரிப் பெட்டி. மூன்றும் ஏற்கெனவே இணைத்தே கடையிலிருந்து வந்த சாமான். சுவிட்சின் காலிலிருந்து ஒரே ஒரு வயர் கழன்று நின்றது.

"இத நீ சால்டர் பண்ணலயாடா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, அது ரெடியாவே வரும். நாங்க உள்ள வச்சு ஒட்டணும், அவ்வளவுதான். சால்டரிங் டேஞ்சர், நேரமும் பத்தாதுன்னு சார் சொன்னாரு."

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உன் சாமான எடுத்துட்டு வா" என்றார் என்னிடம். நான் பராமரிப்பு வேலை செய்பவன். ஸ்டோர் ரூமில் ஒரு சால்டரிங் அயர்ன் எப்போதும் கிடக்கும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, வயரையும் சுவிட்ச் காலையும் சேர்த்துச் சூடாக்கி, கம்பியை ஒரு தொடு தொட்டு எடுத்தார். விளக்கு எரிந்தது.

பையன் வாயைப் பிளந்து நின்றான். "பாட்டிக்கு இது தெரியுமா?"

அன்பான வாசகர்களே, அந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. 1974-ல் தன் 17-ஆவது வயதில் ஒரு வானொலி தயாரிப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தவர் என் அம்மா. பதினோரு ஆண்டுகள் அதே வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அக்காவும் நானும் பள்ளிக்குப் போனோம். இது பேரனுக்குத் தெரியாது! ஏன் தெரியாது? நாங்கள் யாரும் சொல்லவில்லை. "பாட்டி ஃபேக்டரில வேலை பார்த்தாங்க" என்று சொல்லியிருப்போம். அங்கே கையால் என்ன செய்தார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெருமைப்பட வேண்டியதை மறைத்து வைத்திருக்கிறோம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அவன் எந்தப் பிரிவில் இருந்தாலும், சால்டரிங் கையால் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான், உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள்தான். என் கருத்து இவ்வளவுதான். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

இந்த நாடு ஒரு காலத்தில் இதை எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தது என்பது இன்றைய இளம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. 1968-ல் பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது சிங்கப்பூரே ஆடிப்போனது. செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் எத்தனை பேர்! அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி அன்று வெறும் பேச்சு அல்ல. அரசாங்கம் தொழிற்சாலைகளைக் கூப்பிட்டது. அந்த ஆண்டுகளில்தான் நேஷனல் செமிகண்டக்டர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இங்கே வந்தன. தொழிற்சாலைக்குக் கை வேண்டுமே? 1969 முதல் உயர்நிலை ஒன்று, இரண்டில் படித்த ஆண் பிள்ளைகள் அனைவரும் தொழில்நுட்பப் பாடங்கள் படிக்க வேண்டும் என்று ஆனது. பெண் பிள்ளைகளிலும் பாதிப் பேர் வரை சேர்ந்தார்கள். மரவேலை, உலோக வேலை, வரைபடம், அடிப்படை மின்சாரம். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் படித்தான், தோட்டி வீட்டுப் பிள்ளையும் படித்தான். 'கெட்டிக்காரன் புத்தகம் பிடிப்பான், மக்கு கம்பி பிடிப்பான்' என்ற பிரிவினை அந்த வகுப்பறையில் இல்லை.

பிறகு அது மெல்ல மாறியது. 1979-ல் திறனுக்கேற்ப பிள்ளைகளைப் பிரிக்கும் முறைக்குப் பரிந்துரை வந்தது. 1992-ல் தொழில்நுட்பக் கல்விக் கழகம், அதுதான் ஐடிஇ, உருவானது. 1994-ல் உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு வந்தது. ஐடிஇ நல்ல நிறுவனம். இன்று சீமெய், சுவா சூ காங், அங் மோ கியோ ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் அதன் கல்லூரிகளைப் போய்ப் பாருங்கள், பல்கலைக்கழகம் தோற்றுப்போகும். ஆனால் அந்த மூன்றெழுத்துக்கு ஊர் வைத்த பெயர் என்ன? 'இட்ஸ் தி எண்ட்', இதோடு கதை முடிந்தது! இந்தக் கேலியை நம் வீடுகளில் நாமே எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? "படிக்காட்டி ஐடிஇதான் போவ, பாத்துக்க" என்று பிள்ளையை மிரட்டாத தமிழ்த் தாய் தகப்பன் யார்? நானும் மிரட்டியவன்தான்.

இதன் விளைவு, கைவேலை ஒரு பாடமாக இல்லாமல் ஒரு முத்திரையாக ஆனது. கம்பி, கருவி என்று வரும் பாடங்களும் அந்தக் கடைசிப் பிரிவின் பக்கமே அதிகம் ஒதுங்கின. சாதாரண நிலைத் தேர்வில் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. ஆனால் அது எல்லாப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. விரைவுநிலையில் இருந்த பிள்ளை ஒரு சால்டரிங் அயர்னைத் தொடாமலே பொறியியல் படிக்கப் போனான். வழக்கநிலையில் இருந்த பிள்ளை அதைத் தொட்டதற்காகவே தலைகுனிந்தான். இரண்டும் அநியாயம்.

நம்மைப் போன்ற சிறுபான்மைக் குடும்பத்துக்கு இந்த முத்திரை இரண்டு மடங்கு கனம். நிறத்தைப் பார்த்தே ஒருவன் நம் பிள்ளையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான். அதன் மேல் பிரிவின் பெயரும் சேர்ந்தால் என்ன ஆகும்? பிள்ளை தானே தன்னைப் பற்றி அந்த முடிவுக்கு வந்துவிடுகிறான்.

இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் கிடையாது. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். எல்லாரும் ஒரே கலப்பு வகுப்பில் உட்காருகிறார்கள். 2027-ல் புதிய பொதுத் தேர்வு வருகிறது. பெயர்ப் பலகை மாறினால் மனம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். தானாக மாறாது. ஆனால் 'கைவேலை அந்தப் பிரிவுக்குத்தான்' என்று சொல்ல இனி அந்தப் பிரிவே இல்லையே! கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

எதிர்ப்பேச்சுகள் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஆபத்து. ஆமாம், சூடு படும். அயர்ன் நுனி 350 டிகிரி செல்சியஸ் வரை போகும். அம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிக்கிறார்கள், பள்ளியிலேயே சமையல் பாடத்தில் கத்தி பிடிக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் செய்வார்கள். சூட்டைவிட நான் கவலைப்படுவது புகையைப் பற்றித்தான். கம்பிக்குள் இருக்கும் பிசின் பைன் மரத்திலிருந்து வருவது. உருகும்போது சாம்பிராணி போல ஒரு வாசம் வரும், நன்றாகக்கூட இருக்கும். அதைத் தினமும் முகர்ந்தால் ஆஸ்துமா வரலாம். அம்மாவின் காலத்தில் புகையை உறிஞ்சும் விசிறி கிடையாது, வாயால் ஊதிக்கொள்வார்களாம். இன்று பள்ளியில் செய்வதென்றால் அந்த விசிறி இல்லாமல் செய்யவே கூடாது. பழைய கம்பியில் காரீயமும் வெள்ளீயமும் கலந்திருக்கும். காரீயம் விஷம், கை கழுவாமல் சாப்பிட்டால் உடம்புக்குள் போகும். 2006-ல் ஐரோப்பா காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் காரீயம் இல்லாத கம்பிக்கு மாறின. அது சுமார் 220 டிகிரியில்தான் உருகும், பழையதோ 190-க்குள்ளேயே உருகிவிடும். புதியதில் பழகுவது கொஞ்சம் சிரமம். பிள்ளைகளுக்கு அந்தச் சிரமமே நல்லது. காரீயம் வேண்டாம்.

இரண்டாவது பேச்சு: "இப்ப எல்லாம் மெஷின்தான் செய்யுது, இனிமே இது எதுக்கு?" பாதி உண்மை. கைப்பேசிக்குள் இருக்கும் பலகையை மனிதக் கை பற்றவைப்பதில்லை, சூட்டு அடுப்புக்குள் போய்த் தானாக ஒட்டி வருகிறது. ஆனால் அந்த மெஷின் கெட்டுப்போனால்? மெஷின் தப்பாக ஒட்டிய ஒன்றை எடுத்துச் சரிசெய்ய? விமானத்தின் கம்பிக்கட்டு, எம்ஆர்டி ரயிலின் கட்டுப்பாட்டுப் பெட்டி, மருத்துவமனைக் கருவி, இவற்றைப் பழுதுபார்க்கும் இடங்களில் கை தெரிந்தவன் வேண்டும். கையால் பற்றவைப்பதற்கென்றே ஐபிசி என்ற பெயரில் உலகத் தரமும் சான்றிதழும் உண்டு. செத்துப்போன தொழிலுக்கு யாராவது சான்றிதழ் கொடுப்பார்களா?

பழுதுபார்ப்பதைப் பற்றி இன்னொன்று. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. நம் புளோக்கின் கீழே குப்பை அறைப் பக்கம் போய்ப் பாருங்கள், மின்விசிறி, சோற்றுப் பானை, ஒலிபெருக்கி என்று கிடக்கும். பாதிக்கு மேல் ஒரு வயர் கழன்றதாலோ ஒரு ஃபியூஸ் போனதாலோ தூக்கிப்போட்டவை. இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி அல்ல. 2014 முதல் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்று தொண்டூழியர்கள் சேர்ந்து, பழுதான சாமானைக் கொண்டுவரும் குடியிருப்பாளருக்கே சரிசெய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். மெச்ச வேண்டிய வேலை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு 60 வெள்ளி விசிறி இரண்டு ஆண்டு கூடுதலாக ஓடினால் அது சும்மா காரியமா? ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவரில் ஓடும் மின்கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளர் தவிர யாரும் தொடக்கூடாது, அது சட்டம். பிளக்கைப் பிடுங்காமல் எந்தச் சாமானையும் திறக்காதீர்கள். நான் பேசுவது பேட்டரியில் ஓடும் சின்னச் சின்ன இணைப்புகளைப் பற்றி. பிள்ளை அங்கேதான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது பேச்சுதான் என்னை மிகவும் வருத்துவது. அதை வெளியார் சொல்வதில்லை, நம்மவர்கள்தான் சொல்கிறார்கள். "கூலி வேலையிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டோம்? மறுபடியும் பிள்ளையைக் கம்பி பிடிக்கச் சொல்றியா?"

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். டெப்போ ரோட்டில் இருக்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதன் வரலாறு தெரிந்திருக்கும். 1913-ல் அலெக்ஸாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை பார்த்த நம்மவர்கள் கும்பிட்ட கோயில் அது, 1983-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அந்தச் சூளையில் மண் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் பட்ட பாட்டை நம் பிள்ளைகள் படக் கூடாது, சரி. ஆனால் அன்று வலித்தது வேலையா, அல்லது அந்த வேலையைத் தவிர வேறு எதற்கும் போக முடியாதபடி அடைத்து வைத்ததா? என் அம்மாவிடம் இதையே கேட்டேன். "வேலை கஷ்டம் இல்லப்பா" என்றார். "நான் சால்டர் பண்ண போர்டு டெஸ்ட்ல திரும்பி வந்ததே கிடையாது. சூப்பர்வைசருக்கு சீனமும் இங்கிலீஷும்தான், எனக்குத் தமிழும் பசார் மலாயும்தான். ஆனா போர்டு பேசும். லைன் லீடர் போஸ்ட் வந்தப்பதான் போர்டு பேசல. எனக்கு அப்புறம் வந்தவளுக்குக் கொடுத்தாங்க. அதுதான் கஷ்டம்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கைத்திறன் இருந்தால் பாகுபாடு ஓடிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஓடவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஆங்கிலமும், பள்ளியில் படித்த மின்சாரப் பாடமும், ஒரு சான்றிதழும் சேர்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. சேர வேண்டியது கைதான். படிப்புக்குப் பதிலாகக் கம்பி பிடிக்கச் சொல்லவில்லை, படிப்போடு சேர்த்துப் பிடிக்கட்டும் என்கிறேன்.

இடையில் ஒரு சின்னச் செய்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சால்டரிங் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்றுதானே நினைக்கிறோம்? சிராங்கூன் ரோட்டு நகைக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்த பத்தர்களைக் கேளுங்கள். பொடி வைத்து, குழலால் ஊதி, தங்கத்தோடு தங்கத்தை இணைப்பது அவர்கள் குலத்தொழில். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வதே அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள். அந்தப் பொடிக்குப் பழந்தமிழில் 'பற்றாசு' என்று பெயர். வெண்பா இலக்கணத்தில் 'ஆசு' என்று வருவதும் அதே பொருளில்தான். சொல்லே நம்மிடம் இருந்திருக்கிறது, ஆனால் நம் பிள்ளை அதை 'டேஞ்சர்' என்கிறான்.

இன்னொரு காட்சியும் என் மனதில் இருக்கிறது. ரெட்ஹில் எம்ஆர்டி பக்கம் லெங்கோக் பாருவில் 'எனேப்லிங் வில்லேஜ்' இருக்கிறதே, உடற்குறையுள்ளோர் வேலைக்குப் பயிற்சி பெறும் இடம், 2015 டிசம்பரில் திறந்தது. முன்பு அங்கேதான் புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழகம் இருந்தது. இந்த வட்டாரத்துப் பையன்கள் தொழில் கற்ற கட்டடம். இப்போது அங்கே நடப்பதும் நல்ல காரியம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த வழியாகப் போகும் போதெல்லாம் நினைப்பேன், இந்தப் பேட்டையில் ஒரு 14 வயதுப் பிள்ளை கருவியைக் கையில் எடுத்துப் பழக இன்று எங்கே போவான்? ஆரம்பப் பள்ளியில் மைக்ரோபிட் என்ற சின்னப் பலகையைக் கொடுத்துக் குறியீடு எழுதப் பழக்குகிறார்கள். நல்லதுதான், ஆனால் அதில் கவ்விதான், மாட்டினால் ஒட்டும், எடுத்தால் கழலும். தப்புச் செய்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சால்டரிங்கில் அப்படி இல்லை. சூடு போதாமல் வைத்த இணைப்பு மங்கலாக, உருண்டையாக நிற்கும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், இரண்டு நாளில் விடும். சரியாக வைத்தது காலைச் சுற்றிச் சரிந்து, மலை போல இறங்கி நிற்கும். காரணம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பயந்து வளரும் பிள்ளைக்கு இது புது அனுபவம்.

அக்கா மகனை அன்றைக்கு அம்மா விடவில்லை. ஒரு பழைய பலகையில் 20 இணைப்பு வைக்கச் சொன்னார். முதல் ஆறு உருண்டை உருண்டையாக வந்தது. "கம்பியை அயர்ன்ல தொடாத, காலைத் தொடு. கால் சூடானா கம்பி தானா ஓடும்" என்றார். ஏழாவது ஓடியது. பள்ளியில் ஒரு தவணையில் சொல்லித்தராததை ஒரு சாயங்காலத்தில் முடித்தார். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இல்லை, இருந்தாலும் இன்னும் எத்தனை நாளைக்கு? அதனால்தான் பள்ளி செய்ய வேண்டும் என்கிறேன்.

பள்ளிகளைக் குறை சொல்வது மட்டும் என் நோக்கமல்ல. ஒரு ஆசிரியர், நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரப் பாடம் என்றால் எந்த ஆசிரியரும் தயங்குவார். பாதி வகுப்பாகப் பிரித்தால் முடியும். ஐடிஇ முன்னாள் மாணவர்களை, ஓய்வுபெற்ற தொழிற்சாலை அம்மாக்களை உதவிக்குக் கூப்பிடலாம். இப்போதும் சில பள்ளிகளில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், அவர்களுக்கு நன்றி. செலவு ஒரு காரணமே அல்ல. லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது அப்படியே நடந்து சிம் லிம் டவருக்குப் போங்கள். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். உதிரிபாகக் கடைகள் இருக்கும். ஒரு அயர்ன், ஒரு தாங்கி, கொஞ்சம் கம்பி, பழகுவதற்கு நாலு பலகை, எல்லாம் சேர்த்து ஒரு மாத டியூஷன் காசில் பாதிகூட ஆகாது. பொண்ணு, பையன் வித்தியாசம் வேண்டாம். தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்தது பெண்கள்தான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அக்காவோடு நானும் போகிறேன். கணக்கில் எத்தனை, அறிவியலில் எத்தனை என்று கேட்டு முடித்த பிறகு டி அண்ட் டி ஆசிரியரைத் தேடிப் போவோம். அந்த மேசையில் வரிசையே இருக்காது, தெரியும்தானே? மூன்று கேள்வி கேட்கப் போகிறோம். பட்டறையில் எத்தனை சால்டரிங் அயர்ன் வேலை செய்கிறது? புகை உறிஞ்சும் விசிறி இருக்கிறதா? உயர்நிலை இரண்டு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எத்தனை இணைப்பு வைப்பான்? நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். எங்களுக்கு வரும் பதிலை நான் எழுதுகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், அந்தப் பழைய பலகையை எடுத்துக்கொண்டு.